பழுதான டிவி, போன், ஃபிரிட்ஜைக் கடை திரும்ப எடுக்க மறுத்தால்: பில்லில் தொடங்கி நுகர்வோர் ஆணையம் வரை

"சார், வித்ததோட எங்க வேலை முடிஞ்சுது. இனிமே நீங்க கம்பெனி சர்வீஸ் சென்டர்லதான் பாத்துக்கணும்."

வாங்கிப் பத்து நாள்கூட ஆகாத டிவியில் கோடு விழுந்தாலும் இதே பதில்தான், போன் சூடாகி அணைந்து போனாலும் இதே பதில்தான். பெரிய ஷோரூம், சின்னக் கடை என்ற வித்தியாசம் இல்லை. வாங்கியவரும் "அப்படித்தான் போலிருக்கு" என்று பொருளைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்கு அலைய ஆரம்பித்துவிடுகிறார். பணம் வாங்கியது கடை, பில் கொடுத்தது கடை, பிறகு பொறுப்பு மட்டும் எப்படி வேறு யாருக்கோ போகும்? சட்டம் அதை ஏற்கவில்லை. ஆனால் சட்டம் நம் பக்கம் இருப்பது மட்டும் போதாது. தேதி போட்ட காகிதங்களும் நம் கையில் இருக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் அந்தக் காகிதங்களைப் பற்றித்தான்.

சட்டம் தருவதும் தராததும்

இப்போது நடைமுறையில் இருப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 1986-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. அதன் பிரிவு 2(47) நியாயமற்ற வணிக நடைமுறைகள் எவை என்று பட்டியல் போடுகிறது. அதில் இரண்டு நமக்கு முக்கியம். ஒன்று, விற்ற பொருளுக்குப் பில் கொடுக்காமல் இருப்பது. இன்னொன்று, குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது. பில்லில் ஏதாவது காலக்கெடு போட்டிருந்தால் அதற்குள், எதுவும் போடவில்லை என்றால் 30 நாட்களுக்குள் என்று சட்டம் சொல்கிறது.

ஆக, "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லின் அடியில் அச்சடித்துவிட்டால் கடை தப்பித்துவிடாது. பழுதான பொருளைப் பொறுத்தவரை அந்த வரிக்குச் சட்டத்தைத் தாண்டிய பலம் கிடையாது.

அதே சமயம் இந்தச் சட்டத்தில் இல்லாத ஒன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். பொருள் நன்றாகவே இருக்கிறது, நிறம் பிடிக்கவில்லை, பக்கத்துக் கடையில் விலை குறைவு, மனம் மாறிவிட்டது என்றால் கடை திரும்ப எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இந்தியாவில் இல்லை. கடையே அப்படி ஒரு சலுகையை அறிவித்திருந்தால் மட்டும் கேட்கலாம். உரிமை வருவது குறைபாடு இருக்கும்போது, அல்லது சொன்னது ஒன்று, கொடுத்தது வேறொன்று என்றாகும்போது.

இன்னொரு குழப்பமும் உண்டு. 30 நாள் தாண்டிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வாரண்டி அதன் காலம் வரை ஓடும். நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்ய, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் இருக்கின்றன.

புகார் யார் செய்யலாம்? பணம் கொடுத்தவர் மட்டும் இல்லை, அவருடைய சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான். மகன் வாங்கிக் கொடுத்த போனுக்காக அம்மா புகார் செய்யலாம். வியாபாரத்துக்காக வாங்கியது என்றால் சிக்கல் வரும். ஆனால் ஒரு ஜெராக்ஸ் மெஷினை வாங்கித் தானே கடை நடத்திப் பிழைப்பவர் சுயதொழில் செய்பவர், அவரை இந்தச் சட்டம் நுகர்வோராகவே பார்க்கிறது.

படி 1: வாங்கும் அன்றே செய்ய வேண்டியது

"பில் வேண்டாம்னா குறைச்சுத் தர்றோம்" என்று சொல்லும் கடைகள் சென்னை ரிச்சி தெருவிலும் இருக்கும், உங்கள் ஊர்க் கடைவீதியிலும் இருக்கும். செல்போனுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. அது மிச்சமாகிறது என்ற ஆசையில் தலையாட்டிவிட்டால், நாளைக்கு இந்தப் பொருளை இந்தக் கடையில்தான் வாங்கினேன் என்று நிரூபிக்கவே படாத பாடு பட வேண்டும். அந்தத் தள்ளுபடியை வாங்காதீர்கள்.

பில்லில் மாடல் பெயரும் சீரியல் எண்ணும் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். போன் என்றால் *#06# அழுத்தினால் ஐஎம்இஐ எண், அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண், திரையில் வரும். பெட்டியில் இருப்பதும் பில்லில் இருப்பதும் திரையில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். வாரண்டி அட்டை உள்ளே இருந்தால், கடை முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைகள் தரும் வெப்பத்தாள் பில் சில மாதங்களில் வெளுத்து வெள்ளைத் தாளாகிவிடும். அன்றைக்கே போட்டோ எடுத்து, உங்களுக்கே ஒரு மின்னஞ்சலாக அனுப்பி வையுங்கள். பெட்டியையும் உடனே பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட வேண்டாம். தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் முகவரியும் வாடிக்கையாளர் சேவை விவரமும் அதில்தான் அச்சாகியிருக்கும். பின்னால் நோட்டீஸ் அனுப்ப அதே முகவரி தேவைப்படும்.

சார்ஜர், பவர் பேங்க் போன்றவற்றுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) பதிவு கட்டாயம். பொருளின் மேல் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்கும். பிஐஎஸ் கேர் செயலியில் அதைப் போட்டுச் சரிபார்க்கலாம். எண்ணே இல்லாத சார்ஜர் வெடித்தால் உங்கள் வழக்குக்கு அதுவே பெரிய ஆதாரம்.

பில் தொலைந்துவிட்டதா? கடையின் கணினியில் உங்கள் போன் எண்ணை வைத்து மறுபடி எடுத்துத் தரச் சொல்லலாம். யுபிஐ பரிமாற்றப் பதிவு, கார்டு கணக்கு அறிக்கை, கடை அனுப்பிய குறுஞ்செய்தி, டெலிவரி சீட்டு எல்லாமே வாங்கியதற்கான துணை ஆதாரங்கள்தான்.

படி 2: பழுது தெரிந்த நாள்

முதலில் வீடியோ எடுங்கள். பழுது விட்டு விட்டு வருவதாக இருந்தால் இது இன்னும் அவசியம், ஏனென்றால் டெக்னீஷியன் வந்து நிற்கும்போது பார்த்து அந்த டிவி ஒழுங்காக ஓடும். வீடியோவில் சீரியல் எண் ஸ்டிக்கரும் ஒருமுறை தெரியட்டும்.

அப்புறம், நீங்களே கழற்றிப் பார்க்காதீர்கள். தெரிந்த மெக்கானிக்கையும் கூப்பிட வேண்டாம். திருகாணியில் ஒரு கீறல் தெரிந்தால் போதும், "வெளியாள் கை வைத்திருக்கிறார்" என்று வாரண்டியை மறுத்துவிடுவார்கள். பழுதோடு தொடர்ந்து பயன்படுத்துவதையும் நிறுத்துங்கள். ஃபிரிட்ஜ் போன்றவற்றில் அது கஷ்டம்தான், ஆனாலும் புகாரை அன்றைக்கே பதிவு செய்துவிட்டால் பிறகு அதை யாரும் குறையாகச் சொல்ல முடியாது.

படி 3: முதலில் கடைக்குப் போங்கள்

வாங்கிய முதல் வாரம் என்றால் சர்வீஸ் சென்டருக்கு ஓடுவதற்கு முன் கடைக்குப் போங்கள். பல நிறுவனங்கள், புதுப் பொருள் தொடக்கத்திலேயே பழுதானால் மாற்றித் தரும் வழக்கத்தை வைத்திருக்கின்றன. சர்வீஸ் சென்டர் அதைப் பரிசோதித்து டிஓஏ சான்று (டெட் ஆன் அரைவல், அதாவது வந்தபோதே பழுது) என்று ஒன்று தரும், அதை வைத்துக் கடை புதுப் பொருள் கொடுக்கும். இந்தச் சலுகை சில நாட்களுக்குள் காலாவதியாகிவிடும். எத்தனை நாள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், அதனால் முதல் நாளே கேட்டுவிடுங்கள். "ஒரு தடவை ரிப்பேர் பண்ணிப் பார்ப்போம்" என்று அவர்கள் சொல்லி நீங்களும் சம்மதித்துவிட்டால் மாற்றிக் கேட்கும் வாய்ப்பு பெரும்பாலும் கைநழுவிவிடும். பொருள் புதிதாக இருக்கும்போது ரிப்பேருக்குச் சம்மதிக்காமல் மாற்றித் தரவே கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கடையில் சேல்ஸ் பையனோடு வாக்குவாதம் செய்து பயனில்லை. அவர் கையில் எந்த அதிகாரமும் கிடையாது. மேனேஜரைப் பாருங்கள். இப்படிச் சொல்லலாம்:

"இந்தத் தேதியில உங்க கடையில வாங்கினது. இதுதான் பழுது, வீடியோ இருக்கு. எனக்கு மாத்திக் கொடுங்க, இல்லேன்னா பணத்தைக் கொடுங்க. முடியாதுன்னா, முடியாதுன்னு எழுதிக் கொடுங்க."

அந்தக் கடைசி வாக்கியத்துக்கு நல்ல பலன் உண்டு. எழுதிக் கொடுக்கச் சொன்னதும் பல மேனேஜர்களின் பேச்சு மாறுவதைப் பார்த்திருக்கிறேன். எழுதித் தரவில்லை என்றாலும் பரவாயில்லை. வெளியே வந்ததும், "இன்று மாலை கடைக்கு வந்து மேலாளரைச் சந்தித்தேன், பழுதைக் காட்டினேன், மாற்றித் தர மறுத்தீர்கள்" என்று கடையின் மின்னஞ்சலுக்கோ வாட்ஸ்அப் எண்ணுக்கோ அனுப்பிவிடுங்கள். வாயால் பேசியது அந்த நிமிடத்தில் எழுத்தாகிவிடும்.

படி 4: சர்வீஸ் சென்டரும் ஜாப் ஷீட்டும்

முதல் வாரம் தாண்டிவிட்டது, வாரண்டி இருக்கிறது என்றால் சர்வீஸ் சென்டரைத் தவிர்க்க முடியாது. ரிப்பேருக்கு நியாயமான வாய்ப்பு கொடுத்தீர்களா என்று ஆணையமும் பார்க்கும். போங்கள். ஆனால் ஜாப் ஷீட், அதாவது பொருளையும் பழுதையும் எழுதித் தரும் சீட்டு, வாங்காமல் பொருளை அவர்கள் மேசையில் வைக்காதீர்கள்.

ஜாப் ஷீட்டில் மூன்று விஷயங்களைப் படித்துப் பாருங்கள். நீங்கள் சொன்ன பழுது நீங்கள் சொன்ன வார்த்தைகளிலேயே இருக்கிறதா? "அடிக்கடி தானாக அணைகிறது" என்று நீங்கள் சொன்னதை "சாஃப்ட்வேர் அப்டேட்" என்று எழுதிவிடுவார்கள். அப்படி எழுதினால் மூன்று முறை ஒரே பழுதுக்காக வந்தது மூன்று வேறு வேலையாகப் பதிவாகும், உங்கள் ஆதாரம் கரைந்துவிடும். அடுத்தது, பொருளின் வெளித்தோற்றம். கீறல் இல்லை என்றால் கீறல் இல்லை என்று இருக்க வேண்டும். கடைசியாகத் தேதி, கொடுத்த தேதியும் திரும்ப வாங்கிய தேதியும். பொருள் அவர்களிடம் கிடந்த நாட்கள் எல்லாம் பிற்பாடு நஷ்டஈடு கேட்கும்போது கணக்கில் வரும்.

வீட்டுக்கு வந்து பார்க்கும் டெக்னீஷியனிடமும் சர்வீஸ் ரிப்போர்ட் கேளுங்கள். "ஆப்ல க்ளோஸ் பண்ணிட்டேன் சார், ஓடிபி சொல்லுங்க" என்று கேட்டால், பழுது சரியாகாதவரை ஓடிபி சொல்லாதீர்கள். சொன்னால் புகார் தீர்ந்துவிட்டது என்று பதிவாகிவிடும்.

போன், லேப்டாப் கொடுப்பதற்கு முன் தகவல்களை வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு, சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிடுங்கள். போன் இயங்கும் நிலையில் இருந்தால் எல்லாவற்றையும் அழித்தே கொடுக்கலாம்.

இனி அவர்கள் வாரண்டியை மறுக்கும் வழிகள். "தண்ணி பட்டிருக்கு" என்பது போனுக்கு. உள்ளே ஈரம் பட்டால் நிறம் மாறும் சிறு ஸ்டிக்கர் இருக்கும், அதைக் காட்டச் சொல்லுங்கள், அங்கேயே போட்டோ எடுங்கள். "வோல்டேஜ் பிரச்சினை" என்பது டிவிக்கும் ஃபிரிட்ஜுக்கும். ஏசி என்றால் "போர்டுல பல்லி விழுந்து ஷார்ட் ஆயிருக்கு." சில நேரம் அது உண்மையாகவே இருக்கும். உண்மை என்றால் எழுத்தில் தருவதில் அவர்களுக்கு என்ன தயக்கம்? எந்தப் பாகம், என்ன சேதம், எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று போட்டோவுடன் கேளுங்கள். வெறும் வாய்வார்த்தைக்குப் பணம் கட்டாதீர்கள்.

எத்தனை முறை ரிப்பேருக்குக் கொடுப்பது? சட்டத்தில் எண்ணிக்கை எதுவும் இல்லை. ஒரே பழுது மூன்றாவது முறை வந்தால் அத்தோடு நிறுத்திக்கொண்டு அடுத்த படிக்குப் போவதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. வாரண்டி முடியும்வரை உங்களை இழுத்துக்கொண்டு போவது அவர்களுக்கு வசதி.

படி 5: எழுத்தில் நோட்டீஸ்

வழக்கறிஞர் தேவையில்லை, நீங்களே எழுதலாம். ஆணையத்துக்குப் போகும் முன் நோட்டீஸ் கட்டாயம் என்று சட்டத்தில் இல்லை. இருந்தாலும் அனுப்புங்கள், பல புகார்கள் இந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடும். கடைக்கு ஒன்று, தயாரிப்பு நிறுவனத்துக்கு ஒன்று. ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதையும், போய்ச் சேர்ந்ததைக் காட்டும் பக்கத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். அதையே மின்னஞ்சலிலும் அனுப்பலாம்.

மாதிரி:

"ஐயா, உங்கள் கடையில் (தேதி) அன்று, பில் எண் (…) மூலம் (பொருள், மாடல், சீரியல் எண்) ரூ.(…) கொடுத்து வாங்கினேன். (தேதி) முதல் (பழுது) உள்ளது. (தேதிகள்) ஆகிய நாட்களில் சர்வீஸ் சென்டரில் ஒப்படைத்தும் அதே பழுது நீடிக்கிறது. ஜாப் ஷீட் நகல்கள் இணைத்துள்ளேன். இது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி குறைபாடுள்ள பொருள். இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பொருளை எடுத்துக்கொண்டு ரூ.(…) திருப்பித் தருமாறு, அல்லது அதே மாடலில் புதிய பொருள் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். தவறினால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்வேன்."

இதற்கு மேல் வேண்டாம். கோபத்தையும் வசவையும் எழுதினால், நாளைக்கு எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டும்.

படி 6: 1915

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். புகாரைப் பதிவு செய்து எண் கொடுத்து நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். இதற்கு உத்தரவிடும் அதிகாரம் கிடையாது, சமரச முயற்சி மட்டுமே. ஆனால் கிளைக் கடை கண்டுகொள்ளாத புகார் இந்த வழியாகத் தலைமை அலுவலகத்துக்குப் போகும்போது வேலை நடக்கிறது. நோட்டீஸ் அனுப்பிக் காத்திருக்கும் நாட்களிலேயே இதையும் செய்துவிடுங்கள்.

படி 7: மாவட்ட நுகர்வோர் ஆணையம்

ஆணையம் என்றதும் கோர்ட், வக்கீல், வருடக்கணக்கில் வாய்தா என்று பயந்து பின்வாங்குபவர்கள் அதிகம். நிலைமை அவ்வளவு மோசம் இல்லை.

நீங்கள் கொடுத்த விலை ரூ.50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம்தான். அதாவது வீட்டு உபயோகப் பொருள் எதுவானாலும் அங்கேதான். ரூ.5 லட்சம் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணமே இல்லை. 2019 சட்டம் செய்த பெரிய நன்மை என்னவென்றால், நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம். நிறுவனத்தின் அலுவலகம் குருகிராமில் இருந்தாலும், தென்காசிக்காரர் தென்காசி மாவட்டத்துக்கான ஆணையத்தையே நாடலாம். வழக்கறிஞர் வைக்காமல் நீங்களே வாதாடவும் செய்யலாம்.

தேவையானவை: நடந்ததைத் தேதி வரிசையில் சொல்லும் புகார் மனு, அதில் சொன்னது உண்மை என்ற பிரமாணப் பத்திரம், பில், வாரண்டி அட்டை, ஜாப் ஷீட்கள், நோட்டீஸ், தபால் ரசீது, 1915 புகார் எண், அடையாளச் சான்று. எதிர்த்தரப்பில் கடை, தயாரிப்பு நிறுவனம், சர்வீஸ் சென்டர் மூன்றையும் சேருங்கள். கடையை மட்டும் சேர்த்தால் "தயாரிப்புக் குறைபாடு எங்களுடையது இல்லை" என்பார்கள். நிறுவனத்தை மட்டும் சேர்த்தால் "பணம் வாங்கியது நாங்கள் இல்லை" என்பார்கள். மூவரும் ஒரே அறையில் நிற்கும்போது அந்தப் பந்தாட்டம் நின்றுவிடும். இணையத்தில் இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம், நேரிலும் கொடுக்கலாம்.

என்ன கேட்கிறீர்கள் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். விலையைத் திருப்பித் தர வேண்டும் அல்லது புதுப் பொருள் தர வேண்டும், அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் இவ்வளவு, வழக்குச் செலவு இவ்வளவு. 20,000 ரூபாய் போனுக்கு 10 லட்சம் நஷ்டஈடு கேட்டால் மனுவின் மதிப்பு குறைந்துபோகும். பட்ட செலவுக்கும் சிரமத்துக்கும் பொருத்தமான தொகையைக் கேளுங்கள்.

புகார் ஏற்கப்பட்டபின் எதிர்த்தரப்புக்குப் பதில் தர 30 நாள், மேற்கொண்டு அதிகபட்சம் 15 நாள். அந்த 45 நாளைத் தாண்டினால் பதிலை ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020-இல் தீர்ப்பளித்திருக்கிறது. பரிசோதனை தேவைப்படாத புகாரை 3 மாதத்திலும் தேவைப்படுவதை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட நீளும், அதற்குத் தயாராக இருங்கள். குறைபாட்டைப் பார்த்துச் சொல்ல முடியாவிட்டால் ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அந்தக் கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். ஒரே பழுதைத் திரும்பத் திரும்பச் சொல்லும் ஜாப் ஷீட்கள் கையில் இருந்தால், குறைபாட்டை நிறுவ அவையே பெரிதும் உதவும். முன்பு அவ்வளவு அழுத்திச் சொன்னது அதனால்தான்.

ஆன்லைனில் வாங்கியிருந்தால்

மேலே சொன்னது எல்லாம் இங்கும் பொருந்தும். கூடுதலாக 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் உண்டு. குறைபாடுள்ள, போலியான, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளை விற்பனையாளர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. ஒவ்வொரு தளமும் குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். அவர் உங்கள் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாக ஒப்புதல் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சாட்டில் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பதைவிட அந்த அலுவலருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புவது மேல்.

பெட்டி பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். முகவரிச் சீட்டு தெரிவதில் தொடங்கி, பொருளை இயக்கிப் பார்க்கும் வரை இடையில் வெட்டாத வீடியோ. வீடியோ இல்லை என்பதற்காக உங்கள் உரிமை போய்விடாது, இருந்தால் வாக்குவாதம் சுருக்கமாக முடியும்.

தவணையில் வாங்கியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கோபத்தில் இஎம்ஐ கட்டுவதை நிறுத்திவிடாதீர்கள். கடன் கொடுத்த நிறுவனத்தோடு உங்களுக்கு இருப்பது தனி ஒப்பந்தம். நிறுத்தினால் அபராதமும் சிபில் மதிப்பெண் சரிவும் உங்கள் தலையில்தான் விழும். கட்டிக்கொண்டே, வட்டியையும் சேர்த்து நஷ்டமாகக் கேளுங்கள்.

உத்தரவு வந்தபின்

மாவட்ட ஆணையத்தின் உத்தரவை எதிர்த்து மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்ய 45 நாள் அவகாசம். தமிழ்நாட்டில் மாநில ஆணையம் சென்னையில் இருக்கிறது, மதுரையில் ஒரு கிளை உண்டு. பணம் கொடுக்கும்படி உத்தரவு பெற்ற நிறுவனம் மேல்முறையீடு செய்வதாக இருந்தால், அந்தத் தொகையில் பாதியை முதலில் கட்டிவிட்டுத்தான் செய்ய முடியும். சும்மா இழுத்தடிப்பதற்காகவே மேலே போவதை இது ஓரளவு தடுக்கிறது.

மேல்முறையீடும் செய்யவில்லை, பணமும் தரவில்லை என்றால், அதே மாவட்ட ஆணையத்தில் நிறைவேற்று மனு போடுங்கள். சிவில் நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றுவது போலவே ஆணையம் தன் உத்தரவை நிறைவேற்றலாம். அதோடு பிரிவு 72-இன்கீழ், உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதத்துக்குக் குறையாமல் 3 ஆண்டு வரை சிறை, அல்லது ரூ.25,000-க்குக் குறையாமல் ரூ.1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. இந்த மனுவையும் வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே போடலாம். உத்தரவின் சான்றிட்ட நகலை ஆணைய அலுவலகத்தில் வாங்கி இணைத்துவிடுங்கள்.